லேப்டாப் தெர்மல் பேஸ்ட்: நாமே மாற்றுவதா, கடையில் கொடுப்பதா, எதைப் பூசுவது?

போன மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், என் லேப்டாப் ஒரு வீடியோ அழைப்பின் நடுவே திணற ஆரம்பித்தது. ஃபேன் இரைச்சல் எதிர்முனையில் இருந்தவருக்கே கேட்டது. அவர் குரல் எனக்குத் துண்டு துண்டாக வந்தது. 2018-இல் வந்த அலுவலக மாடல் அது, நான் வாங்கியது பழசாக. உள்ளே 15 வாட் ஐ5 சிப், அதாவது ப்ராசஸர். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். 97 டிகிரி காட்டியது. அந்தச் சிப்பின் உச்ச வரம்பே 100 டிகிரிதான். அந்த வரம்பை நெருங்கும்போது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் கண்ட திணறல் அதுதான்.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: "பேஸ்ட் காய்ஞ்சிருக்கும், மாத்திடுங்க." சரி, மாற்றலாம். ஆனால் யார் மாற்றுவது, எதைப் போட்டு மாற்றுவது, அதற்கு முன்பு மாற்றத்தான் வேண்டுமா? மூன்றும் தனித்தனி முடிவுகள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் எனக்கு இரண்டு வாரம் வீணாகப் போனது.

பேஸ்டின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. சிப்பின் மேல்பரப்பும், அதன் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்கின் செம்புத் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். நுணுக்கிப் பார்த்தால் இரண்டிலும் மேடுபள்ளம்தான். அழுத்தி வைத்தால் மேடுகள் மட்டும் ஒன்றையொன்று தொடும். பள்ளங்களில் காற்று நிற்கும். செம்பின் வெப்பக் கடத்துதிறன், மீட்டர்-கெல்வினுக்கு வாட் என்ற அலகில், 400-ஐ ஒட்டி இருக்கிறது. காற்றுக்கு அது 0.026. நல்ல பேஸ்டுகளின் அட்டையில் 8, 12 என்று போட்டிருப்பார்கள். ஆக, பேஸ்ட் செம்பைவிடப் பல மடங்கு மட்டம். காற்றைவிடப் பல நூறு மடங்கு மேல். காற்று இருக்கும் இடத்தை நிரப்புவதற்குத்தான் பேஸ்ட். அதற்கு மேல் தடிமனாக நின்றால் அதுவே தடை.

டெஸ்க்டாப்புக்கும் லேப்டாப்புக்கும் இங்கே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டெஸ்க்டாப் சிப்பின் தலையில் ஓர் உலோக மூடி இருக்கும், பேஸ்ட் அந்த மூடியின் மேல்தான் உட்காரும். பெரும்பாலான லேப்டாப்களில் மூடி கிடையாது, சிலிக்கான் வெறுமையாக இருக்கும். ஒரு கட்டை விரல் நகத்தளவு இடத்திலிருந்து அத்தனை வெப்பமும் வெளியேற வேண்டும். சிப் சூடாகும்போது விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. ஒரு நாளில் நூறு முறை இப்படி நடக்கும். ஒவ்வொரு முறையும் பேஸ்ட் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கும். பழைய லேப்டாப்பைத் திறந்தால் நடுப்பகுதி ஏறக்குறையத் துடைத்துவிட்டது போலவும் ஓரமெல்லாம் மேடாகக் காய்ந்தும் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே டெஸ்க்டாப்பில் முதல் நாள் சோதனையில் ஜெயித்த பேஸ்டைப் பார்த்து வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். லேப்டாப்பில் கேட்க வேண்டிய கேள்வி, ஓராண்டு கழித்தும் அது அதே இடத்தில் நிற்குமா என்பதே.

ஆனால் பேஸ்டைக் குறை சொல்வதற்கு முன் தூசியைப் பார்க்க வேண்டும். ஃபேனுக்கும் அதன் முன்னால் இருக்கும் மெல்லிய உலோகச் செதில்களுக்கும் இடையில் தூசி சேர்ந்து, ஒரு கம்பளித் துண்டு போலப் படிந்துவிடும். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று வெளியே வராது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. கனமான வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு வெப்பநிலையைக் கவனியுங்கள். சில நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறினால், வெளியே வரும் காற்றும் பலவீனமாக இருந்தால், சந்தேகம் தூசி மேல். வேலை தொடங்கிய ஓரிரு நொடியிலேயே 90-ஐத் தாண்டி, நிறுத்தியதும் சட்டென்று விழுந்தால், சிப்பின் வெப்பம் ஹீட் சிங்குக்கே போய்ச் சேரவில்லை, அது பேஸ்ட். சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளான கோர்களில் ஒன்று மற்றவற்றைவிட 10, 15 டிகிரி கூடுதலாகக் காட்டினாலும் பேஸ்ட் சமமாகப் படியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

என்னுடையதில் இரண்டுமே இருந்தன. பின்மூடியை மட்டும் கழற்றித் தூசியை எடுத்ததில், அதே வேலைக்கு 97 என்பது 91 ஆனது. ஒரு பைசா செலவில்லை, ஹீட் சிங்கைத் தொடவே இல்லை. பலருக்கு இந்த இடத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் கெடும்.

எதையும் திறக்காத வழியும் ஒன்று உண்டு. விண்டோஸின் பவர் அமைப்புகளில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100-இலிருந்து 99 சதவீதத்துக்குக் குறைத்தால், சிப் தேவைப்படும்போது தானே கூட்டிக்கொள்ளும் டர்போ வேகம் நின்றுவிடும். என் மெஷின் 70-களுக்கு இறங்கியது. எழுத்து வேலை, கணக்கு வேலை செய்பவருக்கு வேகம் குறைந்ததே தெரியாது. சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் அண்டர்வோல்ட் முறையும் ஒரு காலத்தில் சுலபமாக இருந்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் பல நிறுவனங்கள் பயாஸ் (லேப்டாப் தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டில் அதைப் பூட்டிவிட்டன. இந்த மென்பொருள் வழிகளைக் கோடைக்காலம் முடியும்வரை தாக்குப்பிடிக்கப் பயன்படுத்தலாம். லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு பாட்டில் மூடிகளால் உயர்த்தி வைப்பதும் அப்படித்தான். அடியில் காற்று புக இடம் கிடைத்தால் சில டிகிரி குறையும். கூலிங் பேட் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

பேஸ்டுதான் என்று முடிவானால், யார் கை வைப்பது?

வாரண்டி இருக்கும் லேப்டாப் என்றால் யோசிக்கவே வேண்டாம், கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். 97 டிகிரியைக் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டோடு போனால் பேச்சு எளிதாகும். போவதற்கு முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த லேப்டாப்புக்கும் இங்கேயே கொடுக்கலாம்தான். ஆனால் கட்டணம் அதிகம், சில நாள் லேப்டாப் இல்லாமல் இருக்க வேண்டும், என்ன பேஸ்ட் போட்டார்கள் என்று கேட்டாலும் பதில் கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது கடை. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனால், ஒரு நாளைக்குப் பல லேப்டாப்களைப் பிரித்துக் கோர்க்கும் கைகளைப் பார்க்கலாம். அந்தக் கைப்பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மெல்லிய ரிப்பன் கேபிளை அவர்கள் கழற்றும் லாவகம் நமக்கு இரண்டு மூன்று முறையில் வராது. என் தயக்கம் பேஸ்டைப் பற்றியது மட்டும்தான். சில கடைகளில் ஒரு பெரிய டப்பாவிலிருந்து வெள்ளைப் பசையை எடுத்துப் பூசுவார்கள். சிலிக்கான் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு கலந்த அந்தப் பசை டிரான்சிஸ்டருக்கும் பவர் சப்ளைக்கும் போதும். லேப்டாப் சிப்பில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். முன்பு ஒரு முறை வேறொரு லேப்டாப்புக்கு ஒரு கடையில் அப்படிப் போட்டுக்கொண்டு வந்தேன். முதல் வாரம் அருமையாக இருந்தது, ஆறு மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. இதற்குத் தீர்வு எளிது. நல்ல பேஸ்டை நாமே வாங்கிக்கொண்டு போய், "அண்ணா, இதைப் போட்டுக் கொடுங்க" என்று கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வது. வேலை அரை மணி நேரம்தான். நான் கேட்டவரையில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது, நாமே செய்வது. செலவு, பேஸ்டும் துடைக்கும் திரவமும் ஒரு நல்ல சிறு ஸ்க்ரூடிரைவரும்தான். பேஸ்ட் 4 கிராம் ட்யூப் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும், நான்கைந்து முறைக்குக் காணும். ஆபத்து என்று எடுத்துக்கொண்டால், பேஸ்ட் பூசுவதில் அல்ல, அதுவரை போய்ச் சேருவதில்தான் இருக்கிறது. மூடியை நெம்பும்போது உடையும் கிளிப், மூடியோடு சேர்ந்து அறுந்துவரும் டச்பேட் கேபிள், தலை தேய்ந்துபோகும் ஸ்க்ரூ என்று எல்லாமே வழியில்தான் நிற்கின்றன.

அதனால் "என்னால் முடியுமா" என்று கேட்பதைவிட "என் மாடலில் முடியுமா" என்று கேட்பது சரி. லெனோவோ தன் திங்க்பேட் மாடல்களுக்கு வன்பொருள் பராமரிப்புக் கையேட்டை இலவசமாக வெளியிடுகிறது. டெல், ஹெச்பி நிறுவனங்களும் பல மாடல்களுக்கு அப்படிச் செய்கின்றன. உங்கள் மாடலின் கையேட்டை இறக்கி, ஹீட் சிங்கைக் கழற்ற எத்தனை பாகங்களை எடுக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பின்மூடி, பேட்டரி இணைப்பு, ஹீட் சிங்க் என்று மூன்றோடு முடிந்தால் துணிந்து செய்யலாம். மதர்போர்டையே வெளியே எடுத்துத் திருப்பிப்போட வேண்டும் என்றால், கீபோர்டு வழியாக இறங்க வேண்டும் என்றால், முதல் முயற்சிக்கு அது ஏற்றதல்ல, கடைக்குப் போங்கள். ஃபேனே இல்லாத எம்1 மேக்புக் ஏர் போன்றவற்றில் தூசிப் பிரச்சினையே வராது; அவற்றைத் திறக்கத் தனி வகை ஸ்க்ரூடிரைவரும் வேண்டும். வெறும் ஆர்வத்துக்காக அவற்றைத் திறக்காதீர்கள்.

இனி எதைப் பூசுவது. எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான், மனசுக்குப் பிடித்ததும் இதுதான்.

சாதாரணப் பேஸ்டுகளில் ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, எம்எக்ஸ்-6, நாக்டுவா என்டி-ஹெச்2, தெர்மல் கிரிஸ்லி கிரையோநாட் ஆகிய பெயர்கள் அடிக்கடி வரும். கிரையோநாட்டின் அட்டையில் 12.5 என்று இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு நிறுவனத்தின் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் ஒரே முறையில் அளந்தவை என்று எடுத்துக்கொள்ள முடியாது. தவிர, கிரையோநாட் டெஸ்க்டாப்பில் பேர்வாங்கிய பசை. 80 டிகிரிக்கு மேலேயே வாழும் லேப்டாப்பில் அது நீண்ட நாள் நிற்பதில்லை. எம்எக்ஸ்-4 சற்று இளகலானது, பூச எளிது. எம்எக்ஸ்-6 அதைவிடக் கெட்டி, தடவக் கொஞ்சம் சிரமம், ஆனால் பிதுங்குவது குறைவு. வெறும் சிலிக்கானுக்குக் கெட்டியான பேஸ்டே மேல் என்பது என் முடிவு. இவை எதுவும் மின்சாரத்தைக் கடத்தாது. சற்று அதிகமாகி வழிந்தாலும் போர்டு சாகாது. முதல் முறை செய்பவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி இல்லை.

அடுத்தது ஹனிவெல்லின் பிடிஎம் 7950. இது பசையல்ல, கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள தாள் போன்ற பொருள். 45 டிகிரி வாக்கில் இளகி, பள்ளங்களுக்குள் பரவிப் படியும். ஆறினால் மறுபடி இறுகும். கடத்துதிறன் 8.5 என்று போட்டிருக்கும், அட்டை எண்ணில் கிரையோநாட்டுக்குக் கீழே. ஆனால் இது பிதுங்கி ஓடுவதில்லை. முதல் நாள் இருந்தது போலவே பல காலம் நிற்கும். லெனோவோ தன் லீஜியன் கேமிங் லேப்டாப்கள் சிலவற்றில் ஆலையிலேயே இதை வைக்கிறது. சிப்பின் அளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்து வைத்தால் போதும். எவ்வளவு பூசுவது என்ற குழப்பமே கிடையாது. நம் ஊர்க் கோடையில் அறையே 36 டிகிரி இருக்கும்போது தாள் கொழகொழவென்று ஆகிப் படலத்தோடு பிய்ந்து வரும். அதனால் வேலை தொடங்குவதற்கு முன் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், படலம் சுத்தமாக உரியும். வைத்தவுடனேயே பலன் முழுதாகத் தெரியாது, சில முறை சூடாகி ஆறிய பிறகே சரியாகப் படியும். ஒரே சிக்கல், ஆன்லைனில் இதன் பெயரில் போலிகள் நிறைய. மிகவும் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள்.

திரவ உலோகம் என்று ஒன்றும் இருக்கிறது. காலியம் கலந்த உலோகக் கலவை, அறை வெப்பத்திலேயே பாதரசம் போல உருளும். தெர்மல் கிரிஸ்லியின் கண்டக்டோநாட்டுக்கு 73 என்ற எண். வெப்பத்தைக் கடத்துவதில் இதன் பக்கத்தில் எந்தப் பேஸ்டும் வராது. பிளேஸ்டேஷன் 5-இல் சோனி இதைத்தான் பயன்படுத்துகிறது, அசூஸின் ராக் லேப்டாப்கள் பலவற்றிலும் ஆலையிலேயே இது இருக்கிறது. ஆனாலும் வீட்டில் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். இது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி சிப்பைச் சுற்றியுள்ள நுண்ணிய பாகங்கள் மேல் உருண்டால் போர்டு போச்சு. அலுமினியத்தைத் தொட்டால் காலியம் அதை அரித்து நொறுக்கிவிடும். ஆலையில் சிப்பைச் சுற்றித் தடுப்பு வைத்துத்தான் இதைப் போடுகிறார்கள். தினமும் பையில் போட்டு பைக்கில் குலுங்கிக்கொண்டு போகும் லேப்டாப்பில் அந்தத் தடுப்பு இல்லாமல் போடுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே திரவ உலோகம் இருக்கிறதா என்று திறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் அதை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

கேமிங் லேப்டாப்களில் கிராபிக்ஸ் மெமரி மேலும் மின்சாரப் பாகங்கள் மேலும் மெத்தென்ற தெர்மல் பேட் துண்டுகள் ஒட்டியிருக்கும். பேஸ்ட் மாற்றுகிறேன் என்று போய் இவற்றைக் கிழித்துவிட்டு, கையில் கிடைத்த வேறு தடிமனில் ஒன்றை வைத்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு நிற்கும், சிப்பைச் சரியாகத் தொடாது. கிழியாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

நான் நானே செய்வது என்று முடிவெடுத்து, கெட்டிப் பேஸ்டைத் தேர்ந்தேன். என் மாடலில் ஹீட் சிங்க் மூன்றாவது படியிலேயே வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். வேலையில் எனக்கு முக்கியமாகப் பட்டவற்றை மட்டும் சொல்கிறேன். திறப்பதற்கு முன் லேப்டாப்பைச் சில நிமிடம் ஓடவிட்டால் காய்ந்த பேஸ்ட் இளகும், ஹீட் சிங்க் எளிதாக விடும். அப்புறம் அணைத்துவிட்டு, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஹீட் சிங்கின் ஸ்க்ரூக்கள் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். மாட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ் வரிசை. ஒன்றையே முழுதாக முறுக்காமல் நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், இல்லையென்றால் மூடியில்லாத சிலிக்கானின் ஒரு மூலையில் பாரம் விழுந்து விரிசல் விடலாம். ஹீட் சிங்க் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் நெம்பாதீர்கள், மெல்ல இடவலமாகத் திருகுங்கள்.

துடைக்க 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் நூல் விடாத துணியும் போதும். பூசுவதில் டெஸ்க்டாப் வழக்கமான நடுவில் ஒரு பொட்டு இங்கே ஒத்துவராது. சிலிக்கானின் ஒரு மூலை பூசப்படாமல் போனாலும் அந்த இடம் கொதிக்கும். முழுப் பரப்பிலும் மெல்லிதாகத் தடவிவிட்டேன். வேலை மொத்தம் ஒரு மணி நேரம், அதில் பாதி மிச்சமிருந்த தூசிக்கே போனது.

91 டிகிரி 82 ஆனது. ஒன்றைக் கவனியுங்கள்: உங்களுக்கு வெப்பநிலை குறையாமலே போகலாம், அதற்காக வேலை தோல்வி என்று நினைக்க வேண்டாம். இன்றைய சிப்புகள் குளிர்ச்சி கிடைத்தால் அதை வேகமாக மாற்றிக்கொள்ளும். ஆகவே முன்னும் பின்னும் டிகிரியோடு, சிப்பின் வேகத்தைக் காட்டும் கிகாஹெர்ட்ஸையும் அது இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் வாட்டையும் குறித்துவையுங்கள். 95 டிகிரியில் 1.8 கிகாஹெர்ட்ஸில் ஓடியது இப்போது அதே 95-இல் 2.8-இல் ஓடினால் அது வெற்றிதான். அறை வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் மின்விசிறிக்கு அடியில் எடுத்த அளவையும் டிசம்பரில் எடுத்ததையும் அப்படியே ஒப்பிட முடியாது. அறையில் 10 டிகிரி ஏறினால் சிப்பிலும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும்.

யாராவது கேட்டால் இப்போது நான் சொல்வது இப்படி. வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டர். இல்லையென்றால் முதலில் தூசி. குறைந்துவிட்டால் அதோடு நிறுத்துங்கள். குறையவில்லை, மாடல் திறக்க எளிது என்றால் நீங்களே கெட்டிப் பேஸ்டைப் போடுங்கள். இன்னும் நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகும் கேமிங் லேப்டாப், நம்பகமான இடத்தில் பிடிஎம் 7950 கிடைக்கிறது என்றால் அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தகும். மாடல் சிக்கலானது என்றால் பேஸ்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். என் அக்காவின் லேப்டாப்புக்குப் போன மாதம் அப்படித்தான் செய்தோம்.

மூடியை மாட்டுவதற்கு முன், அதன் உட்புறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் தேதி, பேஸ்டின் பெயர், அன்றைய அறை வெப்பம், சிப்பின் உச்ச வெப்பம் நான்கையும் எழுதி ஒட்டிவிட்டேன். அடுத்த முறை திறப்பது நானாக இருந்தாலும் கடைக்காரராக இருந்தாலும் அது உதவும்.